இரக்கம் கெடுத்த கணக்கு

அன்புள்ள ஐயா,

கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்க ஒரு புது முறையை வகுத்து, ஒரே பள்ளியில் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொண்டேன். ஒரு பிரிவுக்குப் புது முறை, இன்னொன்றுக்கு வழக்கமான பாடம். மொத்தம் 72 பிள்ளைகள். புது முறையை ஆர்வமாக ஏற்றுக்கொண்ட ஆசிரியையின் வகுப்பையே சோதனைப் பிரிவாக வைத்தேன். முதல் தேர்வு முடிந்த பிறகு, மற்ற பிரிவில் வாசிக்கத் திணறிய நான்கு பிள்ளைகளை அந்த ஆசிரியை தன் வகுப்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல மனசோடு செய்ததுதான். நெறியாளரும் பரவாயில்லை என்றார். முடிவு மிக நன்றாக வந்திருக்கிறது.

என் நண்பர் கால்நடைத் தீவன ஆய்வில் இருக்கிறார், அண்ணன் மருத்துவ ஆய்வில். இருவரும் சேர்ந்தால் "உன்னுடையதெல்லாம் ஒரு ஆய்வா?" என்று கேலிதான். கல்வி ஆய்வு உண்மையில் அறிவியலா? மூன்று துறைகளுக்கும் இடம் தரும் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பலாமா? புள்ளிவிவரக் கணக்குக்கு எந்த மென்பொருள் நல்லது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மென்பொருள் எதுவானாலும் சரி. பிரிவுகளைத் தப்பாகப் பிரித்திருந்தால் எந்த மென்பொருளும் அதைத் திருத்தித் தராது. ஆய்விதழைப் பொறுத்தவரை, உங்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லக்கூடிய, வாசிப்புக் கல்வி தெரிந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அனுப்பலாம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேறும் என்கிற இடமென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது அந்த நான்கு பிள்ளைகளுக்காக. அவர்களை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு, உடனே "முடிவு மிக நன்றாக வந்திருக்கிறது" என்று போய்விட்டீர்கள். கொஞ்ச காலமாக நான் ஒரு பழைய பால் ஆய்வைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நண்பர், அண்ணன், நீங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆய்வு அது. அதில் பசுவும் இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது, பிள்ளைகளின் உடம்பும் இருக்கிறது.

1930இல் ஸ்காட்லாந்தில் லனார்க்‌ஷயர் என்ற மாவட்டத்தில் நடந்தது. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். அவர்களில் 10,000 பேருக்குப் பள்ளி நாட்களில் முக்கால் பைண்ட் பால், நம் கணக்கில் 400 மில்லிக்குச் சற்று மேல். மீதி 10,000 பேருக்குப் பால் கிடையாது. குடித்தவர்களில் பாதிப் பேருக்குப் பச்சைப் பால், பாதிப் பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். பிப்ரவரியில் எடையும் உயரமும் எடுத்தார்கள், ஜூனில் மறுபடி எடுத்தார்கள். பால் குடித்தால் பிள்ளைகள் கூடுதலாக வளர்கிறார்களா என்பதுதான் கேள்வி. இத்தனை பேரை வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காமல் போகுமா என்று யாருக்கும் தோன்றும்.

போய்விட்டது. யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுப் போட்டோ பெயரின் அகர வரிசைப்படியோ முடிவு செய்தார்கள். அதுவரை சரி. ஆனால் ஒரு பள்ளியில் ஒரு பக்கம் நோஞ்சான் பிள்ளைகளும் இன்னொரு பக்கம் கொழுகொழுவென்ற பிள்ளைகளும் அதிகமாக விழுந்துவிட்டால், ஆளை மாற்றிச் சமப்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்தச் சின்ன வாசல் போதுமானதாக இருந்தது. எதிரே ஒட்டிய கன்னத்தோடு ஒரு பிள்ளை நிற்கிறது, கையில் பால் இருக்கிறது. ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் ஆசிரியை செய்ததைத்தான் செய்தார்கள்.

1931இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் ஒருவர் இதை அலசி எழுதினார். அவர் வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டு பிரிவுகளின் சராசரியை ஒப்பிட நீங்கள் தினமும் போடுகிற டி-டெஸ்ட் அவர் கொடுத்ததுதான். ஆய்வு தொடங்கிய நாளிலேயே பால் குடிக்காத பிள்ளைகள் மற்றவர்களைவிட எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முந்தி இருந்ததை அவர் காட்டினார். ஏழைப் பிள்ளைகள் பால் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனித்தார். எடை போட்டது உடுப்போடு. பிப்ரவரியில் கம்பளி, ஜூனில் மெல்லிய துணி. வசதியான வீட்டுப் பிள்ளை கனமான குளிர்கால உடுப்பைக் கழற்றிவிட்டு வந்து ஜூனில் நிற்கும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற அவ்வளவு இருந்திருக்காது. ஆகவே பால் குடிக்காத பக்கம் உண்மையைவிடக் குறைவாக எடை கூடியதுபோலத் தெரிந்திருக்கும். எந்தப் பள்ளியிலும் இரண்டு வகைப் பாலும் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை என்பதால், பச்சைப் பாலா பாஸ்டரைஸ் பாலா என்ற கேள்வியும் அந்தரத்தில் நின்றது. இந்த 20,000 பேருக்குப் பதில் 50 ஜோடி ஒத்த இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்குப் பால், மற்றவருக்கு இல்லை என்று நாணயம் சுண்டிப் பார்த்திருந்தால், செலவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கில் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்பது அவர் கணக்கு.

இனி உங்கள் ஆய்வு. கோபப்படாமல் கேளுங்கள். முதல் தேர்வில் மிகக் குறைவாக வாங்கிய பிள்ளைகளை எடுத்து மறுபடி தேர்வு வைத்தால், நீங்கள் ஒன்றுமே சொல்லிக்கொடுக்காவிட்டாலும் அவர்களுடைய சராசரி கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்த நான்கு பேரில் யாருக்காவது முதல் நாள் காய்ச்சலாக இருந்திருக்கும், யாராவது பயந்து வாயே திறந்திருக்க மாட்டார்கள். கெட்ட நாளில் விழுந்த மதிப்பெண் அடுத்த முறை தானாக மேலே வரும். அந்த ஏற்றமெல்லாம் இப்போது உங்கள் புது முறையின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மற்றப் பிரிவுக்கு அது கிடைக்காமல் போனது. பரவாயில்லை என்று சொன்ன நெறியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லவில்லை என்றால் உங்களுக்கு அவர் செய்தது நல்லதல்ல.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 72 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தீவன நண்பரிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரு கொட்டிலில் 36 பன்றிகள், பக்கத்துக் கொட்டிலில் 36 பன்றிகள், முதல் கொட்டிலுக்குப் புதுத் தீவனம், இரண்டாவதற்குப் பழையது, அப்படியானால் மாதிரி எண்ணிக்கை எவ்வளவு? 72 என்று அவர் சொல்ல மாட்டார். இரண்டு என்பார். தீவனம் கொட்டிலுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஒரு கொட்டிலில் காற்றோட்டம் நன்றாக இருந்திருக்கலாம், ஒன்றில் கழிச்சல் நோய் வந்திருக்கலாம், ஒன்றைப் பார்த்துக்கொண்டவர் கவனமானவராக இருந்திருக்கலாம். உள்ளே இருக்கிற 36 உயிருக்கும் அது பொதுவாகப் போய்ச் சேரும். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் ஒரே சாட்சியை 36 முறை கூண்டில் ஏற்றியதாகத்தான் ஆகும். மருத்துவத்திலும் இதுதான் சட்டம். ஒரு வார்டு முழுக்க ஒரு முறை, இன்னொரு வார்டு முழுக்க வேறொரு முறை என்றால் எண்ண வேண்டியது வார்டுகளை. உங்கள் பாடமுறை வகுப்புக்குக் கொடுக்கப்பட்டது. அதனால் உங்களிடம் இருப்பது இரண்டு வகுப்புகள், அவ்வளவே. அதிலும் ஒன்று நீங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வகுப்பு, ஆர்வமான ஆசிரியையின் வகுப்பு. பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள் என்றால் அது முறையின் பலனா, ஆசிரியையின் பலனா? உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. 72 என்ற எண்ணைத் தயவுசெய்து கட்டுரையின் முதல் பக்கத்தில் போட்டுப் பெருமைப்படாதீர்கள்.

ஆர்வத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துக் காட்டினார்: கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரின் தலை தன்னை அறியாமல் லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பால் தட்டுவதை நிறுத்தியது. அப்புறம் 1963இல் ராபர்ட் ரோசெந்தாலும் கெர்மிட் ஃபோடும் சாதாரண எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் இவை கெட்டிக்கார எலிகள் என்றும் சிலரிடம் மந்தமானவை என்றும் சொன்னார்கள். கெட்டிக்காரம் என்று பெயர் வாங்கிய எலிகள் நன்றாகவே ஓடின. எலிக்கே இப்படி என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு, தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ஆசிரியை முன்னால் எப்படி இருக்கும்?

அந்த ஆசிரியை மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. படிக்கிற காலத்தில் ஒரு கால்நடைப் பண்ணையில் கன்றுகளுக்கு எடை போட்டு எழுதும் வேலை பார்த்தேன். இரண்டு கூட்டம் கன்றுகள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் புது அடர்தீவனம். கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் வயதானவர், ஒவ்வொரு கன்றையும் குரலை வைத்தே அடையாளம் சொல்வார். பழைய தீவனக் கூட்டத்தில் ஒரு கன்று விலா எலும்பு தெரிய மெலிந்து நின்றது. அவர் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் புதுத் தீவனத்தில் ஒரு கை எடுத்து அதற்குப் போட்டுவிடுவார். பிறகு பக்கத்தில் நிற்கிற கன்றும் முகத்தை நீட்டும், அதற்கும் ஒரு கை. எடைக் கணக்கில் இரண்டு கூட்டமும் நெருங்கி நெருங்கி வந்தபோது ஆய்வு நடத்தியவருக்குச் சந்தேகம் வந்தது. கேட்டதும் பெரியவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அந்த ஆராய்ச்சியாளர் அப்போது செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெரியவரைத் திட்டவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. அதுவரை எடுத்த எடைகளைத் தள்ளிவைத்தார். தீவனத்தை வேறொருவர் கலந்து, ஒரே மாதிரி மூட்டைகளில் நிறம் மட்டும் மாற்றிக் கொடுக்கும்படி செய்தார். எந்த நிறத்தில் எது என்று கொட்டகையில் யாருக்கும் தெரியாது. கூடவே ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினார்: எந்தக் கூட்டத்துக் கன்றானாலும் எடை இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அதை ஆய்விலிருந்து எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும், எடுத்த தேதியை நோட்டில் குறிக்க வேண்டும். பெரியவரின் இரக்கத்துக்கு அதில் முழு இடம் இருந்தது. அது இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுபோல, எல்லார் கண் முன்னாலும் நடந்தது.

கல்வி ஆய்வு அறிவியலா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேலியை விடுங்கள். இந்தத் துறைகள் காலங்காலமாக ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கியே வளர்ந்தவை. குலுக்கல் முறையில் பிரிப்பதை ரொனால்ட் ஃபிஷர் 1920களில் ராதாம்ஸ்டெட் வேளாண் நிலையத்தின் வயல் ஆய்வுகளில் வகுத்தார். அது 1948இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தின் காசநோய் ஆய்வாக மருத்துவத்துக்கு வந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு 1976இல் மெட்டா அனாலிசிஸ் என்று பெயர் வைத்தவர் ஜீன் கிளாஸ், கல்வி ஆராய்ச்சியாளர். உங்கள் அண்ணன் இன்று அது இல்லாமல் ஒரு அடி நகர மாட்டார்.

அந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மருந்து எல்லாருக்கும் போதாது. அந்த ஆய்வை வகுத்த புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் யாருக்கு மருந்து என்பதை மூடிய உறைகளுக்குள் வைத்தார். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உறை பிரியும். கெஞ்சுகிற நோயாளியைப் பார்த்து மருத்துவர் மனசு இளகினாலும் உறையை மாற்ற முடியாது. 107 பேர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். மருந்து வேலை செய்கிறது என்பதை அதற்குப் பிறகு வந்த நோயாளிகளுக்காக அந்த உறைகள் நிலைநாட்டிக் கொடுத்தன. ஹில்லும் இளமையில் காசநோயில் படுத்தவர்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? கையில் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். முன்னோட்ட ஆய்வு என்று பெயரிட்டு, நான்கு பிள்ளைகள் மாறியதை மறைக்காமல், அவர்களைச் சேர்த்தும் விட்டும் இரண்டு கணக்காக எழுதுங்கள். ஆய்வேட்டில் அது உங்கள் மதிப்பைக் குறைக்காது. அடுத்த கல்வியாண்டில் ஒரு பள்ளியோடு நிற்காமல், கிடைக்கிற அளவு பல பள்ளிகளைக் கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கும் புது முறை மறுக்கப்படக் கூடாது என்று உங்கள் ஆசிரியை சொன்னால் அது நியாயமான பேச்சு. அதற்கும் வழி இருக்கிறது. 1986இல் காம்பியாவில் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை நாடு முழுக்க ஒரே நாளில் கொடுக்க முடியாதபோது, ஒவ்வொரு தடுப்பூசிக் குழுவாகப் படிப்படியாகச் சேர்த்தார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். எல்லாப் பள்ளிக்கும் முறை போய்ச் சேரும், வரிசையை மட்டும் சீட்டு சொல்லும். பின்னால் வருகிற பள்ளிகள் காத்திருக்கும் மாதங்களில் உங்களுக்கு ஒப்பீட்டுப் பிரிவாக இருக்கும். திணறுகிற பிள்ளைக்கு எப்போது தனி உதவி என்பதை முன்கூட்டியே எழுதி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதியாக வையுங்கள்.

வாசிப்புத் தேர்வை நீங்கள் வைக்காதீர்கள், அந்த ஆசிரியையும் வைக்க வேண்டாம். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவர் வந்து கேட்டு மதிப்பெண் போடட்டும். சீட்டு எடுக்க உங்கள் தீவன நண்பரை அழையுங்கள். அவருக்கு உங்கள் முறை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது, அந்தப் பிள்ளைகளின் முகமும் தெரியாது. எடுத்த வரிசையை அன்றைக்கே நெறியாளர் கையெழுத்தோடு பதிந்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்