வேப்பங்கொட்டைக் கரைசல் ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா போட்டிருக்கிறேன். இலைச்சுருட்டுப் புழுவுக்காக, சாக்கில் கிடந்த பழைய வேப்பங்கொட்டையை இடித்து போர்த் தண்ணீரில் ஊறவைத்தேன். ஒரு வாரம் கழித்துக் காலை பத்து மணிக்கு அடித்தேன். புழு சாகவில்லை. வேம்பின் மருந்தை லேபிலேயே செய்துவிட்டார்களாமே, அது கடைக்கு வராதா?

பதில்: வராதுங்க. வேம்பின் வீரியத்துக்கு முக்கியக் காரணம் அசாடிராக்டின் என்ற மூலக்கூறு. 1968-ல் பிரித்தெடுத்தார்கள், அதன் முழு வடிவம் தெளிவாக 1985 ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜில் வேதியியலாளர் ஸ்டீவன் லே குழுவினர் 22 ஆண்டுகள் பாடுபட்டு 2007-ல் அதை லேபில் செய்து காட்டினார்கள். என்னைப் போன்ற வேதியியல்காரர்களுக்கு அது கையெடுத்துக் கும்பிட வேண்டிய உழைப்பு. அந்த மூலக்கூறில் 16 கரி அணுக்களைச் சுற்றி எல்லாம் அதனதன் திசையில் நிற்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அது வேறு பொருள். மொத்தம் 71 படிகள், கடைசியில் மிஞ்சியது 0.00015 சதவீதம். இதை வைத்து வயலுக்கு அடிக்க முடியாது. கடைப் புட்டியில் இருப்பதும் வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்ததுதான்.

உங்கள் வரப்பு மரம் சும்மா தருவதைக் கெடாமல் வயலுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. இந்த மூலக்கூறில் எஸ்டர் என்ற வகைப் பிணைப்புகள் உண்டு. காரத் தண்ணீர் அவற்றை அறுத்துவிடும். கடைமடைப் பக்கம் பல போர்களில் தண்ணீர் காரம்தான். தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். தாள் வாங்கி நனைத்துப் பாருங்கள். 8-க்கு மேல் காட்டினால் வாய்க்கால் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ எடுங்கள். வேறு வழியில்லை என்றால் 6 வரும்வரை எலுமிச்சைச் சாறு விடலாம்.

நிழலில் காய்ந்த, பூஞ்சணம் பிடிக்காத இந்த வருஷக் கொட்டையாகப் பாருங்கள். ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி 100 லிட்டராக்குங்கள். இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்பு வேண்டும். ஆனால் சோப்பும் காரம், அதனால் அடிக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். வெயிலும் இந்த மருந்தை முறிக்கும். சாயங்காலம் அடித்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இது உடனே கொல்லும் மருந்து இல்லை. புழுவின் தீனியைக் குறைக்கும், தோலுரிக்கும் ஹார்மோனைக் குழப்பும். செத்த புழுவைத் தேடாதீர்கள். நாலைந்து நாள் கழித்துச் சுருண்ட இலையைப் பிரித்துப் பாருங்கள். பச்சையைச் சுரண்டிய வெள்ளைக் கோடு புதிதாக விழாமல், ஈரமான எச்சமும் இல்லாவிட்டால் மருந்து பிடித்துவிட்டது. இரண்டும் தொடர்ந்தால் அந்த இலைகளைப் பறித்துக்கொண்டு வேளாண் அலுவலரைப் பாருங்கள்.