கையில் நெல் இல்லாத தரகர்

வாசகர் கேள்விகளுக்குக் கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு. கிரப்-2 என்கிற புரதம் நொதி இல்லை, தானாக எந்த வினையையும் நடத்தாது என்று பாடத்தில் இருக்கிறது. அதே பாடத்தில், அது அறவே இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும் என்றும் இருக்கிறது. ஒரு வேலையும் தெரியாததற்கு ஏன் இத்தனை மவுசு? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மன்னார்குடிப் பெண்ணுக்கு நெல் தரகரைத் தெரியாமல் இருக்காது. அறுப்பு முடிந்ததும் களத்துக்கு வருவார். ஒரு பிடி அள்ளி, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு என்று அவர் பல்லுக்குத் தெரியும். அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது, அரிசி ஆலையும் கிடையாது. ஆனால் அவர் வந்தால்தான் லாரி களத்தடியில் நிற்கும். கிரப்-2 அந்த ரகம்தான் அம்மா.

217 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம் அது. நடுவில் எஸ்.எச்-2 என்ற பகுதி, இரண்டு ஓரத்திலும் எஸ்.எச்-3 என்ற பகுதி. ஆள் அவ்வளவுதான். நடுப்பகுதிதான் கடித்துப் பார்க்கிற பல். ‘பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லும் வளர்ச்சிக் காரணி வெளியிலிருந்து வந்து, செல்லின் மேல் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் உட்கார்ந்ததும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வால்களில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் மேல் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிவிடுகின்றன. பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமை, எஸ்.எச்-2 குழிக்குள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நேர்மின்சுமையோடு காத்திருக்கிறது. பாஸ்பேட் ஏறாத டைரோசினைக் கிரப்-2 சீந்தாது. ஏறியிருந்தாலும் போதாது, அந்த டைரோசினைத் தாண்டி இரண்டாவதாக அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்றும் பார்க்கும். தரகர்கூட இவ்வளவு கறார் காட்டமாட்டார்.

ஓரப்பகுதிகள் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த இடங்களைப் பிடிப்பவை. அவை பிடித்திருப்பது எஸ்.ஓ.எஸ். என்ற இன்னொரு புரதத்தை. மாணவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஏற்பியில் உட்கார்ந்த பிறகு கிரப்-2 எஸ்.ஓ.எஸ்ஸைத் தேடிக்கொண்டு ஓடுவதில்லை. பெரும்பாலும் முன்பே அதைக் கூட்டு சேர்த்துக்கொண்டுதான் செல்லுக்குள் திரிகிறது. நம் தரகரும் சில நாள் லாரியிலேயே ஏறி வந்து இறங்குவாரே, அப்படி.

வேலை தெரிந்தது எஸ்.ஓ.எஸ்ஸுக்குத்தான். ராஸ் என்ற புரதம், இரண்டு பாஸ்பேட் கொண்ட குவானோசினைக் கவ்விக்கொண்டு தூங்குகிறது. எஸ்.ஓ.எஸ். அதைக் கழற்றிவிட்டால், காலியான இடத்தில் மூன்று பாஸ்பேட் கொண்டது வந்து உட்காரும், ராஸ் விழித்துக்கொள்ளும். ஆனால் ராஸ் செல் சவ்வின் உள்பக்கத்தில் கொழுப்பு வாலால் செருகிக் கிடக்கிறது, எஸ்.ஓ.எஸ்ஸோ உள்ளே திரவத்தில் அலைகிறது. இரண்டும் தற்செயலாக முட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால் வேலை நடக்காது. எஸ்.ஓ.எஸ்ஸைச் சவ்வோரம் இழுத்து வந்து ராஸுக்குப் பக்கத்தில் நிறுத்துவதுதான் கிரப்-2 செய்வது. பரீட்சையில் ‘இணைக்கிறது’ என்று மட்டும் எழுதினால் நான் பாதி மார்க்தான் போடுவேன். எதை, எங்கிருந்து, எங்கே கொண்டுவருகிறது என்று எழுது.

பிறகு ராஃப், மெக், எர்க் என்ற நொதிகள் வரிசையாக ஒன்றை ஒன்று தட்டி எழுப்ப, செய்தி செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சேரும். எர்க் அத்தோடு நிற்காமல் திரும்பி எஸ்.ஓ.எஸ். மேலும் பாஸ்பேட் ஏற்றி, கிரப்-2இன் பிடியைத் தளர்த்திவிடுகிறது. ‘பெருகு’ என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கடிதமே பதில்.

கேள்வி: என் அக்கா வீட்டுக்காரருக்கு சி.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். தினமும் இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறார். சம்பா நடவுக்கு வரப்பில் நின்று ஆள் விடும் அளவுக்குத் தேறிவிட்டார். ‘இனி மாத்திரை எதற்கு’ என்கிறார். மூத்தவர், அதட்டவும் முடியவில்லை. (வாசகர், பாபநாசம்)

பதில்: நிறுத்த விடாதீர்கள். அதட்ட முடியாவிட்டால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

அவருடைய ரத்த செல்களில் 9ஆவது குரோமோசோமும் 22ஆவது குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. 1973இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. அந்த ஒட்டில் பிறந்ததுதான் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற கலப்புப் புரதம். வெளியிலிருந்து எந்த வளர்ச்சிக் காரணியும் வராமலே, தன் 177ஆவது இடத்திலுள்ள டைரோசினில் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. பக்கத்தில் அஸ்பராஜினும் சரியான இடத்தில் இருக்கிறது. கிரப்-2க்குச் சூது தெரியாது. அடையாளம் பொருந்தினால் எஸ்.ஓ.எஸ்ஸோடு போய் உட்கார்ந்துவிடும். செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

இமாடினிப் கிரப்-2வைத் தொடுவதில்லை. கலப்புப் புரதத்தின் நொதிக் குழியை அடைத்து, பாஸ்பேட் ஏற்றுவதை நிறுத்துகிறது. அடைப்பை எடுத்தால் பழைய கதை தொடங்கிவிடலாம். வரப்பில் நிற்க முடிகிறது, ரத்த அணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதெல்லாம் நல்ல சேதிதான். ஆனால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். டெஸ்ட் என்ன சொல்கிறது என்பதே கணக்கு. பல வருடம் அந்த டெஸ்டில் நோயின் அளவு மிக ஆழமாகக் குறைந்திருப்பவர்கள் சிலருக்கு மருத்துவரே நிறுத்திப் பார்ப்பதுண்டு, அடிக்கடி ரத்தம் எடுத்துக் கவனித்துக்கொண்டே. அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது.

காசுக் கவலையால் சொல்கிறாரோ என்றும் ஒரு சந்தேகம். இந்த மருந்துக்கு வெளிநாட்டு நிறுவனம் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்துவிட்டது. உள்நாட்டுத் தயாரிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அரசு மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். கொல்லையில் பம்பளிமாஸ் மரம் இருந்தால், பழத்தைத் தொடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

கேள்வி: மனித மரபணுவைப் புழுவுக்குள் வைத்தால் வேலை செய்யும் என்கிறார்கள். அளப்பு தானே? (வாசகர், சீர்காழி)

பதில்: எல்லா மரபணுவுக்கும் சொன்னால் அளப்பு. கிரப்-2க்கு உண்மை. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில் செம்-5 என்ற மரபணு கெட்டால், முட்டையிடும் வாய் உருவாகாது. குஞ்சுகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும். 1992இல் செம்-5இன் அமைப்பு தெரியவந்தபோது, அதே ஆண்டு மனிதரிடம் கண்ட கிரப்-2வும் அதுவும் ஒரே அச்சு என்று புரிந்தது. 1993இல் மனித கிரப்-2வை அந்தப் புழுவுக்குள் வைத்தார்கள். செம்-5 செய்யும் வேலையை அது செய்தது. உங்கள் ஊர் வரப்புப் புழுவை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்.

கேள்வி: வாசலில் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. புற்றுநோய்க்கு அதன் சாற்றைக் குடிக்கலாமா? (வாசகி, திருவையாறு)

பதில்: கூடாது. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் மருந்துதான், ஆனால் அளந்து, ரத்த நாளம் வழியாக, மருத்துவமனையில் கொடுப்பது. பச்சைச் சாறு விஷம். ஆடுகூட அந்தச் செடியில் வாய் வைப்பதில்லை.