வயலின் ஓவியத்தைக் காட்டுமா?

கேள்வி: ஓர் அருங்காட்சியகத்தில், அங்குள்ள ஓவியங்களை ஒட்டி மேற்கத்திய சேம்பர் இசைக் கச்சேரி (ஒரு சிலரே சேர்ந்து வாசிப்பது) நடக்கிறது. தோழி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்கு ஓவியமும் தெரியாது, இசையும் தெரியாது. வயலின் எப்படி ஓவியத்தைக் காட்டும்?

பதில்: காட்டாது. காட்டும் என்று நம்பிப் போனால் கச்சேரி முழுக்க இசைக்குள் குதிரையையும் மரத்தையும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஓவியங்களைப் பார்த்து எழுதிய இசையில் பெயர் பெற்றது, ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-ல் பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சியில் ஓவியங்கள்'. முந்தைய ஆண்டு இறந்துபோன ஓவிய நண்பர் ஹார்ட்மனின் நினைவுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு எழுதியது. அதில் எனக்குப் பிடித்தது படங்கள்கூட இல்லை, படத்துக்குப் படம் நகரும் மனிதரின் நடைதான். 5 தட்டு, அடுத்து 6 தட்டு என்று மாறி மாறி வரும். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பவருக்குக் கால் எங்கே சீராக விழும்? சில படங்களைத் தாண்டியதும் அதே மெட்டு தளர்ந்தோ நிமிர்ந்தோ திரும்ப வரும். பார்த்த படம் அவரை என்ன செய்தது என்பது அதில் தெரிந்துவிடும். ஹார்ட்மனின் அந்தப் படங்களில் பல இன்று கிடைப்பதில்லை. இசைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்க ஓவியர் ராத்கோவின் கரிய ஓவியங்களில் உருவம் என்று எதுவுமே கிடையாது. அவை தொங்கும் ஹூஸ்டன் வழிபாட்டுக் கூடத்துக்காக இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் 1971-ல் இசை எழுதினார். வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), செலஸ்டா (மணி போல ஒலிக்கும் சிறு பியானோ மாதிரி), தாள வாத்தியங்கள், ஒரு பாடகர் குழு, அவ்வளவுதான். எல்லாம் மெல்லத்தான் ஒலிக்கும்.

இசை தருவது படத்தை அல்ல, படத்தின் முன் நிற்பவரின் மனநிலையை. ஆகவே கொஞ்சம் முன்னதாகப் போய், நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒரே ஒரு ஓவியத்தின் முன் நில்லுங்கள். பத்தும் வேண்டாம். பக்கத்து விளக்க அட்டையைப் பிறகு படிக்கலாம். கச்சேரியில் கலைஞர்களின் முகம் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். வாசிப்பது வயலின் வகை வாத்தியங்களின் நால்வர் குழு என்றால், முன்னால் நின்று கையசைத்து வழிநடத்த ஆள் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லை லேசாகத் தூக்குவார், மற்ற மூவரும் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

கேள்வி: நடுவில் கைதட்டலாமா?

பதில்: ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையே தட்டுவதில்லை என்பது இன்றைய வழக்கம். தட்டிவிட்டால் குடி முழுகிவிடாது. தன் சிம்பொனியின் நடுவிலேயே பாரிஸ் ரசிகர்கள் கைதட்டியதை 1778-ல் அப்பாவுக்குப் பூரித்துப்போய் எழுதியவர் மொசார்ட்.

கேள்வி: ஓவியம் பார்க்கும் இடத்தில் கச்சேரி எதற்கு? கூட்டம் சேர்க்கவா?

பதில்: சேர்ந்தால் நல்லதுதானே! 1939-ல் போருக்குப் பயந்து லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் சுவர்களுக்கு நடுவே பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய உணவு நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 வரை கிட்டத்தட்ட 1,700 கச்சேரிகள் நடந்தன. ஆனாலும் ஜனங்களுக்கு இசை மட்டும் போதவில்லை, படமும் வேண்டும் என்று கேட்டார்கள். 1942 முதல் மாதத்துக்கு ஒரு ஓவியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள்.