மாநிறத் தோலில் ஃப்ராக்ஷனல் லேசர் செய்தால் பருத் தழும்பு போகுமா, முகம் கருத்துவிடுமா?

தழும்பு முழுக்கப் போகாது, ஆழம் குறையும். முகம் கருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம். எனக்கு இரண்டுமே நடந்தது. நானும் மாநிறம்தான். பதினேழு வயதில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் பள்ளங்களை விட்டுவிட்டுப் போயின. இதுவரை ஐந்து சிட்டிங் செய்திருக்கிறேன்.

இந்த லேசர் என்ன செய்கிறது என்று புரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். பழைய முறையில் கார்பன் டை ஆக்சைடு லேசரால் மேல்தோல் முழுவதையும் உரித்து எடுப்பார்கள். ஆறுவதற்கே இரண்டு வாரம் ஆகும். சிவப்பு மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்குப் பல மாதம் கழித்து அந்த இடமே வெளுத்துப் போகும். 2004இல் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் அமெரிக்காவில் வேறொரு வழியை வெளியிட்டார்கள். தோலை மொத்தமாகச் சுடாமல் புள்ளி புள்ளியாகச் சுடுவது. ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் அகலம்தான், 0.1 மில்லிமீட்டர் அளவு. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே சூடு படாத நல்ல தோல் இருக்கும். அந்த நல்ல தோலிலிருந்துதான் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. அதனால் உங்களைக் குணமாக்குவது லேசர் தொட்ட இடத்தைவிட அது தொடாமல் விட்ட இடம்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் மாட்டிக்கொண்டேன். முதலில் போன இடத்தில் "ரெண்டே சிட்டிங்ல முடிச்சிடலாம்" என்றார்கள். புள்ளிகளை நெருக்கி வைத்து, ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை ஓட்டினார்கள். மரத்துப்போகும் கிரீமைத் தடவி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் கன்ன எலும்புப் பக்கம் சுரீர் சுரீர் என்றது. முடி கருகும் வாடை. மூன்றாம் நாள் கன்னத்தைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. காலையில் தலையணை உறையில் காப்பித்தூள் போல நுண்ணிய பழுப்புத் துகள்கள். இதுவரை எல்லாம் இயல்புதான், எல்லோருக்கும் வருவது. மூன்று வாரம் கழித்துதான் விஷயமே தெரிந்தது. லேசர் முனை பதிந்த சதுரங்கள் கட்டம் கட்டமாகக் கருத்துக் கிடந்தன. அது மறைய நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் கண்ணாடி பார்க்கவே மனம் வராது. உங்களுக்கு அது வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் காரணத்தைச் சொன்னார். நம் தோலில் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. சூடோ வீக்கமோ கூடினால் நிறத்தை அள்ளிக் கொட்டிவிடும். மாநிறம், கருநிறம் உள்ளவர்களுக்குப் புள்ளிகளின் அடர்த்தியைக் குறைத்து, சிட்டிங்குகளை அதிகமாக்கி, இடைவெளியையும் நீட்ட வேண்டும். அடுத்த நான்கு சிட்டிங்கும் அவர் அப்படித்தான் செய்தார், எர்பியம் கிளாஸ் வகை லேசரில். இது மேல்தோலை ஆவியாக்காமல் உள்ளே சூடேற்றும். ஒரு சிட்டிங்கில் கிடைக்கும் பலன் குறைவு. ஆனால் கருமை திரும்பி வரவில்லை. ஆகவே "என்ன மெஷின்" என்று கேட்பதைவிட "எனக்கு அடர்த்தி எவ்வளவு வைப்பீர்கள், எத்தனை முறை ஓட்டுவீர்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், எல்லாப் பள்ளமும் ஒன்றல்ல. அகலமாக, ஓரம் செங்குத்தாக இருக்கும் ஆழமில்லாத பள்ளங்களுக்கு லேசர் நன்றாகக் கேட்கும். அலை அலையாக அமுங்கியிருப்பவை அடியில் நாரால் இழுத்துக் கட்டப்பட்டவை. ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிட்டுத்தான் லேசருக்குப் போக வேண்டும். ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக இருப்பவற்றுக்கு லேசர் அவ்வளவாக எட்டாது. அதற்குக் குச்சி முனையால் ஆசிட் வைக்கும் முறை இருக்கிறது.

வெயிலாலோ வயதாலோ வந்த மெல்லிய கோடுகளுக்கும் சொரசொரப்புக்கும் இதே லேசர் உதவும். தொங்கிப்போன தோலை அது தூக்கி நிறுத்தாது. மங்கு இருந்தால் ரொம்பவே யோசிக்க வேண்டும், லேசருக்குப் பிறகு அது இன்னும் கருத்துத் திரும்பலாம்.

போவதற்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு: உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா, காயம் பட்டால் தடித்து வளருமா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. கொப்புளம் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். இல்லையென்றால் ஆறாத முகம் முழுக்க அந்தக் கிருமி பரவிவிடலாம்.

சன்ஸ்கிரீன் முன்னும் பின்னும் தினமும் வேண்டும், வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும்கூட. நிறம் கலந்த வகை நல்லது, அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும்.

பலன் உடனே தெரியாது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகி அடுக்கமைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கவாட்டு வெளிச்சம் என்று வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். முன்பக்க விளக்கில் எந்தப் பள்ளமும் தெரியாது, ஏமாந்துபோவோம். என் படங்களை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி ஆழம் குறைந்திருக்கிறது. இடது கன்னத்தில் ஊசிப் பள்ளங்கள் மூன்று அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு அடுத்த மாதம் ஆசிட் வைக்கிறோம்.