சாதகம் செய்ய மறுக்கும் எட்டு வயது மகள்: பதில்

வணக்கம். பாட்டு வகுப்புக்கு ஆசையாகப் போகும் உங்கள் மகள், மாலையில் அரை மணி நேரம் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, செய்யச் சொன்னால் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளி முடிந்து களைத்து வரும் குழந்தைக்கு அது அதிகம் என்றே நான் கருதுகிறேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் போதும். நேரம் மட்டும் மாறக்கூடாது. சுருதிப்பெட்டியை நீங்களே போட்டுவிட்டு அருகில் அமருங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரே ஒரு சரளி வரிசையை (தொடக்க ஸ்வரப் பயிற்சியை) எடுத்து, ஆதி தாளம் போட்டபடி முதற்காலம் என்னும் மெதுவான வேகத்தில் நிதானமாகப் பாடவைத்து, சுருதியும் தாளமும் நிலைத்த பிறகே அதைப்போல் இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்துக்குப் போகவிடுங்கள். பிழைகளை ஆசிரியர் திருத்திக்கொள்வார். முடிவில் அவளுக்குப் பிடித்த கீதம் ஒன்றை அவள் விருப்பப்படி பாடட்டும். விருந்தினர் முன் பாடச் சொல்லி வற்புறுத்துவதை, தயவுசெய்து, இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.