பெருந்தமனி வால்வு தடிப்பது ஏன்? கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 68. உயர் ரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த எக்கோ பரிசோதனையில், ‘பெருந்தமனி வால்வு தடித்துள்ளது, அடைப்பு இல்லை, ரத்த வேகம் நொடிக்கு 1.7 மீட்டர்’ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இல்லை. எலும்புத் தேய்மானத்துக்காகச் சாப்பிடும் கால்சியம் மாத்திரைதான் வால்வில் படிந்துவிட்டதா? அதை நிறுத்திவிடலாமா? வால்வை மாற்ற வேண்டி வருமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அளவைப் பார்த்தால், உங்கள் வால்வு தடித்திருந்தாலும் தடையின்றித் திறக்கிறது. எனவே வால்வுக்கென்று இப்போது சிகிச்சை எதுவும் தேவையில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்கும் இந்த அளவிலான தடிப்பு தடையாக இருப்பதில்லை. ஆனால், ‘வயதானால் வருவதுதான்’ என்று அந்த அறிக்கையை மடித்து வைத்துவிடவும் கூடாது.

இடது கீழறையிலிருந்து ரத்தம் பெருந்தமனிக்குள் நுழையும் வாசலில், மூன்று இதழ்களுடன் அமைந்திருக்கிறது இந்த வால்வு. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்த இதழ்கள் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. மூடியிருக்கும் நேரத்தில் பெருந்தமனியின் அழுத்தம் முழுவதையும் அவையே தாங்குவதால், அந்தப் பக்கத்து மேலுறை செல்கள்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்தச் சுமை இன்னும் அதிகம்.

அப்படிப் பாதிக்கப்பட்ட இடத்தின் வழியாக, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் துகள்களும், பரம்பரையாகச் சிலருக்கு அதிகமாக இருக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ துகள்களும் இதழுக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்க, அந்த அழற்சியின் தூண்டுதலால் இதழில் ஏற்கெனவே இருக்கும் செல்கள் நார்ப்பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கத் தொடங்குகின்றன. எக்கோவில் தடிப்பாகத் தெரிவது இந்த நிலைதான். ஆண்டுகள் செல்லச் செல்ல, இதே செல்களில் ஒரு பகுதி எலும்பை உருவாக்கும் செல்களைப் போல நடந்துகொண்டு கால்சியத்தைப் படியவைக்கின்றன. அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட சில வால்வுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மஜ்ஜையுடன் கூடிய உண்மையான எலும்புத் திசுவே இருந்திருக்கிறது. ஆகவே இதை வெறும் தேய்மானம் என்று நினைப்பது தவறு. இதழுக்குள் செல்கள் முனைந்து நடத்தும் ஒரு மாற்றம் இது.

பிறவியிலேயே மூன்றுக்குப் பதிலாக இரண்டு இதழ்கள் கொண்டவர்கள் நூற்றில் ஒருவர் அல்லது இருவர் உண்டு. அவர்களுக்கு இதே மாற்றம் முன்கூட்டியே தொடங்கிவிடும். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் பாதிக்கும் நோய்) வந்தவர்களுக்கோ இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கால்சியம் படிய வேண்டிய சூழல் வால்வுக்குள்ளேயே உருவாகிறது என்பதால், பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் இயல்பான அளவிலேயே இருக்கும்போதும் வால்வில் படிவு ஏற்படுகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் வால்வு பழைய நிலைக்குத் திரும்பாது, எலும்புதான் பலவீனப்படும். நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு மட்டும் கால்சியம், பாஸ்பரஸ் சமநிலை குலைந்து படிவு விரைவாகும். ஆதலால் எவ்வளவு கால்சியம் தேவை என்பதை, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் எக்கோ அறிக்கையையும் சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் காட்டிக் கேளுங்கள்.

அறிக்கையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வேகத்தைத்தான். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதுபோல, வால்வு குறுகக் குறுக ரத்தம் பாயும் வேகம் கூடும். நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழ் இருந்தால் அடைப்பு இல்லை. 3 வரை லேசான அடைப்பு. 4 வரை மிதமானது. 4 மீட்டரும் அதற்கு மேலும் கடுமையானது. தடிப்பு மட்டும் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் இருவருக்கே அது அடைப்பாக மாறுகிறது. எனவே புதிய அறிகுறி எதுவும் தோன்றாதவரை, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்தால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது வால்வைப் பற்றி அல்ல, ரத்தக்குழாய்களைப் பற்றித்தான். வால்வைத் தடிக்கச் செய்யும் அதே காரணங்கள் இதயத் தமனிகளிலும் வேலை செய்கின்றன. 1999இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வால்வு தடிப்பு இருந்த முதியவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் 40 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை வால்வு குறுகுவதைத் தடுப்பதில்லை என்று பிற்காலச் சோதனைகள் காட்டிவிட்டன. ஆனால் தமனிகளைப் பாதுகாப்பதில் அதன் பயன் உறுதியானது. ஆகையால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இப்போதே பரிசோதித்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

மாடி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சுவாங்கல், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், உழைப்பின்போது தலைசுற்றல் அல்லது மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த எக்கோவுக்கான தேதி வரை காத்திருக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். வால்வு மாற்றம் என்பது அடைப்பு கடுமையான பிறகு எழும் கேள்வி. அப்போதும், நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புதிய வால்வைப் பொருத்தும் முறை 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது.