கீழறைச் சுவருக்கு கிளாஸ் வுல் வேண்டாம்

மேட்டை வெட்டிக் கட்டிய கீழறை, சுவரில் ஈரம், பூஞ்சணம். மரச்சட்டம் அடித்து கிளாஸ் வுல் (குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு) வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணன். அறைக்காற்று அதனூடாகப் போய்க் குளிர்ந்த சுவரில் நீராகும். நனைந்த பஞ்சு லேசில் காயாது, சட்டமும் உக்கிவிடும்.

முதலில் 2 அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு 2 நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் வெறும் வியர்வை. சுவர்ப்பக்கம் நனைந்தால் மண்ணிலிருந்து கசிவு. மேட்டுப்பக்கக் கானையும் கூரைப் பீலியையும் சரிசெய்யும்வரை உள்ளே ஒன்றும் ஒட்டாதீர்கள். நுவரெலியா மழைக்கு உட்பூச்சு எதுவும் தாக்குப்பிடிக்காது.

பிறகு பழைய பெயின்டைச் சுரண்டி, சுவரைச் சமப்படுத்தி, 2 அங்குல ரிஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) பலகை ஒட்டலாம். டைல் பசையைப் பல்லுக்கரண்டியால் பலகை முழுக்க இழுக்க வேண்டும். மேசன்மார் அவசரத்தில் நாலு மூலையில் அப்பிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள்: பின்னால் காற்று ஓடினால் மறுபடி வியர்க்கும். மூட்டுகளுக்கு ஸ்ப்ரே ஃபோம். ரிஜிபோம் தீப்பிடிக்கும், ஆகவே மேலே அரை அங்குல ஜிப்சம் பலகை கட்டாயம்; தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி, 4 அங்குல ஸ்குரூவும் பிளக்கும் போட்டுச் சுவரிலேயே இறுக்குங்கள்.